வியாழக்கிழமை நெஞ்சு

சமுத்திரத்துக்கு வாரத்தில் ஆறு நாளைக்கு ஒரு நெஞ்சு, வியாழக்கிழமைக்கு மட்டும் வேறொரு நெஞ்சு. மற்ற நாட்களில் மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதியைக் கம்பி அறுத்துப் பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஆளுக்கும் ஒரு கை கொடுக்கிற மனிதர். வியாழக்கிழமை மத்தியானம் திரும்பினால் போதும், மாரைச் சுற்றி யாரோ கயிற்றைப் போட்டு முறுக்குகிற மாதிரி ஒரு பிடிப்பு வந்துவிடும். இருமுவார், ஒன்றும் வெளியே வராது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வருவார். வெள்ளிக்கிழமை பாதி தேவலை. சனிக்கிழமை, அப்படியொன்று நடந்ததாகவே உடம்புக்கு நினைவிருக்காது.

இது ஆரம்பித்தது எண்பத்து மூன்றில். அதற்கு நாலு வருஷம் முன்புதான் அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சேர்ந்திருந்தார். பிறந்தது சுந்தரபாண்டியம். அப்பாவுக்குக் குத்தகை நிலம், மழையை நம்பிய பிழைப்பு. தொடர்ந்து இரண்டு வருஷம் கிணறு வற்றியதும், முப்பத்து மூன்று வயதில், மனைவி சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்து, மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினார்.

மில்லில் அவருக்குக் கிடைத்தது ப்ளோ ரூம். லாரியில் வருகிற பஞ்சு முதன்முதலில் நுழைகிற இடம் அதுதான். அங்கேதான் பேலைப் பிரித்து, இயந்திரத்தில் போட்டு, அடித்து, உதறி, இலைத் தூளையும் விதைத் தோலையும் மண்ணையும் பிரிப்பார்கள். பிரித்ததெல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்று சொல்லிக்கொள்வார்கள். பாதி போகும். மீதி அங்கே நிற்கிறவனின் தலை, புருவம், மூக்கு என்று இடம் பிடித்துக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ப்ளோ ரூம் ஆளுக்கு இருபது வயதானாலும் நரைத்த தலைதான்.

தூசு கெடுதல் என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். அதற்கான மருந்தும் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம். வாயில் போட்டு முழுங்கினால் தொண்டையில் நின்ற தூசு வயிற்றுக்குப் போய், மறுநாள் காலையில் தன் வழியைப் பார்த்துப் போய்விடும். நெஞ்சுக்குப் போகிற குழாய் வேறு, வயிற்றுக்குப் போகிற குழாய் வேறு என்று யோசிக்க அந்த இயந்திரச் சத்தத்தில் யாருக்கு நேரம்? சமுத்திரமும் வருஷக் கணக்கில் வெல்லம் தின்றார். இரண்டு பல் சொத்தையானதுதான் மிச்சம்.

அதனால் வியாழக்கிழமைப் பிடிப்புக்குத் தூசு காரணம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்கு நியாயமும் இருந்தது. தூசு தினமும்தானே இருக்கிறது? அதுதான் காரணமென்றால் தினமும் அல்லவா பிடிக்க வேண்டும்? புதன்கிழமை லீவில் வீட்டில் இருந்து, நல்ல காற்றாக இழுத்துவிட்டுப் போகிற மறுநாள் மட்டும் ஏன் பிடிக்கிறது? அப்படியானால் வினை மில்லில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. வீட்டில் புதன்கிழமை அப்படி என்ன விசேஷம்? எண்ணெய்க் குளியல்.

அந்த மில்லுக்கு வார லீவு புதன்கிழமை. எல்லா மில்லும் ஒரே நாளில் லீவு விட்டு மற்ற நாளெல்லாம் ஒன்றாக ஓடினால் மின்சாரம் பற்றாது என்று, மில்லுக்கு ஒரு கிழமையாகப் பிரித்து விட்டிருந்தார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்க்கப் புதனும் சனியும் என்பது ஊர் வழக்கம். லீவும் எண்ணெயும் ஒரே நாளில் வாய்த்ததைச் சீனியம்மாள் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தாள். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பாள். சீயக்காய், வெந்நீர், பிறகு ஆட்டுக்கறிக் குழம்பு, பிறகு அவருக்கு ஒரு தூக்கம். வாரத்தில் அவளுக்குப் புருஷன் கையில் கிடைக்கிற ஒரே நாள் அது.

சமுத்திரத்தின் அக்கா இசக்கியம்மாள் ஊரிலிருந்து வந்திருந்தபோது விஷயம் காதில் விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

“எண்ணெயைப் பதமாக் காய்ச்சத் தெரியல அவளுக்கு. பச்சை எண்ணெய் தலையில எறங்கி நெஞ்சுல சளியாக் கட்டுது. பொறவு மூச்சு எப்படிலே வரும்?”

சீனியம்மாள் அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். அவளுக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. எண்ணெயில் மிளகைக் கூட்டிப் பார்த்தாள், ஓமம் போட்டுப் பார்த்தாள், பிறகு குளியலையே நிறுத்தினாள். பிடிப்பு நிற்கவில்லை. கறிக்குழம்பை நிறுத்தினாள். பகல் தூக்கத்தை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நிறுத்திப் புதன்கிழமையை ஒரு விரத நாளாகவே ஆக்கிவிட்டாள். அப்போதும் நிற்கவில்லை. பழைய எண்ணெய் உடம்பில் ஊறிக் கிடக்கிறது, அதுதான் இன்னும் வேலை செய்கிறது என்று இசக்கியம்மாள் அடுத்த தடவை வந்தபோது விளக்கம் சொன்னாள். அப்படிப்பட்டவர்களிடம் விளக்கத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருக்காது.

எண்பத்து நாலில் சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டர் ஜெயபாயைப் பார்த்தார். ராஜபாளையத்தில் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் இருமிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதை மில் ஆள் ஒருவன் பார்த்துவிட்டால், சாயங்காலத்துக்குள் சமுத்திரத்துக்கு டி.பி. என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஜெயபாய் நாகர்கோவில்காரர். படிப்பை முடித்து அப்போதுதான் தேரடிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் போட்டிருந்தார். பஞ்சு மில் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்குப் படித்த பாடம் ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. பஞ்சுத் தூசினால் ஒரு நெஞ்சு நோய் உண்டு, அது திங்கட்கிழமைதோறும் தலைகாட்டும் என்று புத்தகத்தில் இருந்தது.

“திங்கட்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சு பிடிக்குதா?”

“திங்கட்கிழமையா? அன்னைக்கு நான் சிங்கம்லா, டாக்டரம்மா.”

டாக்டர் அந்தப் பாடத்தை மனதுக்குள் மூடி வைத்தார். புத்தகம் எழுதிய சீமையில் ஞாயிற்றுக்கிழமைதான் மில் நிற்கும். ராஜபாளையத்தில் ஒரு மில் புதன்கிழமை நிற்கிறது என்று எழுதியவருக்கு யார் போய்ச் சொல்வது? எந்தக் கிழமை பிடிக்கிறது என்று டாக்டரும் கேட்கவில்லை. சமுத்திரமும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், எண்ணெய்க் குளியலைச் சொல்ல வேண்டி வரும், இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர் சிரித்துவிடுவார் என்று அவருக்குக் கூச்சம். டாக்டர் சாதாரண இழுப்பு என்று மாத்திரை எழுதினார். கேட்காத ஒரு கேள்வியிலும் சொல்லாத ஒரு பதிலிலும் ஏழு வருஷம் போய்விட்டது.

மறுவருஷம் சமுத்திரம் தானே ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தார்.

லீவு நாளில் மில் நின்றிருக்கும்போது இயந்திரங்களைச் சுத்தம் பண்ண ஒரு சிறு கூட்டம் உள்ளே போகும். கம்ப்ரசர் காற்றைக் குழாயில் பிடித்து இடுக்கு இடுக்காக அடித்தால், வாரம் முழுக்கப் படிந்த தூசு ஒரே புகையாகக் கிளம்பும். எண்பத்தைந்து கார்த்திகையில் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. மேஸ்திரி கூப்பிட்டார், சமுத்திரம் போனார். மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, நெஞ்சு பிடிக்கவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்து வீடு வந்து சேர்ந்தவரைச் சீனியம்மாள் வாசலில் நின்று அதிசயமாகப் பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமையும் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த வியாழனும் சௌக்கியம். மூன்றாவது வாரத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி போடும்போதுதான் அது திணறுகிறது. உடம்பும் அப்படித்தான், நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்றும் வராது. வேறு நாளில் கொடுத்த மாற்று லீவையும் அவர் எடுக்கவில்லை. வேலைக்கென்று வந்து நிற்கிற ஆளைப் பிடித்து வெளியே தள்ளுகிற மேஸ்திரி எந்த ஊரிலும் கிடையாது. பொங்கலன்றும் ஆடிப்பூரத் தேரன்றும்கூட ஏதாவது சாக்கு வைத்து அரை நாள் ப்ளோ ரூமுக்குள் நின்றுவிட்டு வருவார்.

மருந்தைக் கண்டுபிடித்தவர் சும்மா இருப்பாரா? அந்தப் பிடிப்பு ப்ளோ ரூமில் அவருக்கு மட்டும் இல்லை. சோழபுரத்திலிருந்து வருகிற மாரிச்சாமிக்கு அவரைவிட மோசம். இருபத்தெட்டு வயது, கல்யாணம் முடிந்து ஒரு வருஷம். வியாழக்கிழமை இருமி இருமிக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நிற்பான். வேலையை விட்டுவிட்டு மாமனார் தோட்டத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவனைச் சமுத்திரம்தான் தடுத்து நிறுத்தினார்.

“ஏலே, மில்லு வேலையை எவனாவது விடுவானா? லீவு போடாம நில்லு. புதன்கிழமை என்கூட வா. நெஞ்சு பிடிச்சா என்னையக் கேளு.”

மாரிச்சாமிக்கும் பிடிப்பு நின்றது. பிறகு இன்னும் ஐந்து பேர் சேர்ந்தார்கள். சமுத்திரம் அண்ணாச்சி வைத்தியம் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத மனிதர், டாக்டருக்கே பிடிபடாததைத் தான் பிடித்துவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஆறு வருஷம் அப்படி நடந்தார். அந்த ஆறு வருஷமும் சீனியம்மாளுக்குப் புதன்கிழமை என்று ஒரு நாள் இல்லை. என் எண்ணெயால் வந்த வினைக்கு இது தண்டனை என்று அவள் அதையும் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டாள். அவளுடைய பொறுமையை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

தொண்ணூற்றொன்றில் புரட்டாசிச் சனிக்கிழமை, வழக்கம்போல இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கிற பெருமாளைச் சேவிக்கப் படி ஏறினார்கள். ஒன்றும் பெரிய மலையில்லை. முந்தைய வருஷம் இரண்டு தடவை நின்று ஏறியவர், இந்த வருஷம் பாதியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பேசிச் சிரித்தபடி ஏறிப் போனார்கள். சமுத்திரம் படியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காற்றை இழுத்தார். அது வருகிற வழி குறுகிப்போயிருந்தது. வியாழக்கிழமையாக இருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டார். அன்று சனிக்கிழமை. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே எல்லாக் கிழமையும் அப்படித்தான் இருந்தது, அவர்தான் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சீனியம்மாள் சாமியைக் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு, அவரை நேராக ஜெயபாயிடம் கூட்டிப் போனாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தாங்கவில்லை.

“எல்லாம் நான் செஞ்ச வினை, டாக்டரம்மா. புதன்கிழமை புதன்கிழமை எண்ணெய் தேய்ச்சு விட்டேன். மறுநாள் மூச்சு முட்டும் அவியளுக்கு. எண்ணெயை நிறுத்தி ஏழு வருஷமாச்சு, இன்னும் விடலையே.”

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். “மறுநாள்னா?”

“வியாழக்கிழமை.”

“அதென்ன, புதன்கிழமைதான் தேய்ப்பீங்களோ?”

“அன்னைக்குத்தானே மில்லு லீவு.”

ஜெயபாய் குழாயை மேசையில் வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது. பிறகு சமுத்திரத்திடம் அந்த வாரம் புதன்கிழமை கண்டிப்பாக வீட்டில் இருக்கச் சொன்னார், வியாழக்கிழமை வேலைக்குப் போகும் முன்பும் வேலை முடிந்த பின்பும் கிளினிக்குக்கு வரச் சொன்னார். சமுத்திரம் முதல் பஸ்ஸில் வந்தார். டாக்டர் கொடுத்தது மூச்சின் வேகத்தை அளக்கிற ஒரு சாண் நீளக் குழாய், பக்கத்தில் எண்கள், வாயில் வைத்து ஊதினால் சின்ன முள் ஒன்று நகரும். காலையில் முந்நூற்று நாற்பது வரை போனது. சாயங்காலம் வந்து ஊதினபோது இருநூற்றைம்பதில் நின்றுவிட்டது. ஆறு வருஷமாகக் காணாமல் போயிருந்த பழைய வியாழக்கிழமைப் பிடிப்பு அப்படியே திரும்பி வந்திருந்தது.

“உங்க வயசுக்கு நானூத்தம்பதுக்கு மேல இருக்கணும்,” என்றார் டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்தார். “மூச்சுக்குழாய் இப்படித்தான் கிளை கிளையாப் பிரியும். கடைசிக் கிளை ரொம்பச் சின்னது. அந்தச் சுவர்ல ஒரு சரக்கு இருப்பு இருக்கு. பஞ்சுத் தூசு பட்டா உடம்பு அதை எடுத்துக் கொட்டும். கொட்டினதும் குழாயைச் சுத்தின தசை இறுகும், உள்தோல் வீங்கும், காத்துப் போக வழியிருக்காது. லீவு முடிஞ்சு வர்ற முதல் நாளே இருப்பு முழுக்கத் தீர்ந்துடும். அடுத்த நாள் கொட்டறதுக்கு ஒண்ணுமில்லை, அதனால பிடிப்பு தெரியாது. ஒரு நாள் லீவு கிடைச்சா மறுபடி சேர்ந்துடும். இப்போதைக்கு இப்படித்தான் சொல்றாங்க. முழுசும் இன்னும் யாருக்கும் தெரியாது.”

“அப்ப எண்ணெய் இல்லையா?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

“எண்ணெய் ஒரு பாவமும் பண்ணலை. நீங்களும்தான்.”

சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஏழு வருஷமாகக் கழுத்தில் கிடந்த பாரத்தை ஒரு வார்த்தையில் எடுத்துவிட்டால் அழாமல் என்ன செய்வாள்?

சமுத்திரத்துக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. “லீவே போடலைன்னா பிடிப்பே வராதுல்லா?”

“வராது. ஆனா தூசு தூசுதான். தினமும் அந்தக் குழாயை அரிச்சுக்கிட்டே இருக்கும். அரிச்ச இடம் தழும்பாகும், தழும்பு தடிக்கும். தடிச்ச குழாய் திரும்ப விரியாது. வியாழக்கிழமைதோறும் உடம்பு சத்தம் போட்டுச்சு. நீங்க அது வாயைப் பொத்திட்டீங்க.” டாக்டர் சீட்டைத் திருப்பினார். “ஏழு வருஷம் முன்னாடி நானும் கிழமையை மாத்திக் கேட்டுட்டேன். அந்தத் தப்பு என்னோடது. போன மூச்சு போனதுதான். இன்னைக்கே அந்த இடத்தை விட்டா இருக்கிறது மிஞ்சும்.”

மில்லில் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தால் சமுத்திரத்துக்கு நூலைச் சிப்பமாகக் கட்டும் பகுதிக்கு இடம் மாறியது, அங்கே தூசு இல்லை. பாக்கி வாழ்க்கையில் அவர் மெதுவாக நடந்தார், படி ஏறுவதைத் தவிர்த்தார், மற்றபடி ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். தன்னைப் பொறுத்தவரை அவர் தப்பித்துவிட்டார். ஆனால் மாரிச்சாமியோடு சேர்த்து ஆறு பேர், அவர் இடம் மாறிய பிறகு வந்த புதன்கிழமையும் கம்ப்ரசர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் சொல்லித்தான் நின்றார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சமுத்திரம் பத்து நாள் சொல்லவில்லை. நூல் கட்டும் பகுதிக்கு ஏன் போனீர் என்று கேட்டவர்களிடம் முதுகு வலி என்றார். மாரிச்சாமியைக் கண்டால் வேறு பக்கம் நடந்தார். அவன் பீடி பிடிக்கிறான், அதுதான் அவனுக்கு அப்படி இருமல், பாதிப் பழி பீடிக்குப் போகட்டும் என்று ஒரு நாள் நினைத்தார். மற்றொரு நாள், டாக்டரே ஏழு வருஷம் தப்பாக நினைத்தாரே, நான் எம்மாத்திரம் என்று நினைத்தார். எதை நினைத்தாலும் சோறு இறங்கவில்லை. சீனியம்மாள் பொறுத்துப் பார்த்தாள், பத்தாம் நாள் கேட்டேவிட்டாள்.

“நான் ஒண்ணும் செய்யாமலே ஏழு வருஷம் குத்தவாளியா இருந்தேன். நீங்க செஞ்சுட்டுப் பத்து நாள் இருக்க முடியலையாக்கும்? போய்ச் சொல்லிட்டு வாங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாரிச்சாமியின் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்துச் சோழபுரம் போனார். மாரிச்சாமி இன்னும் வரவில்லை. அவன் மனைவி அங்காளம்மாள் அவரைப் பார்த்ததும் பாயை விரித்து, விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“ஏட்டி, இவியதான் சமுத்திரம் பெரியப்பா. கும்பிட்டுக்கோங்க.” பிறகு அவரிடம், “உங்களாலதான் அண்ணாச்சி எங்க வீட்டுல அடுப்பு எரியுது. நீங்க மட்டும் அந்த வழியைச் சொல்லலைன்னா இவிய எப்பவோ வேலையை விட்டிருப்பாவ. வியாழக்கிழமை வந்தா உங்களைத்தான் நெனைச்சுக்குவேன்.”

குழந்தைகள் கைகூப்பின. சமுத்திரத்துக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் கொடுத்த காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்க முடியவில்லை.

“தாயி, நான் சொன்ன வழி தப்பு,” என்றார்.

எப்படிச் சொல்வது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. டாக்டர் வரைந்த தலைகீழ் மரத்தைத் தரையில் விரலால் வரைந்து காட்டினார். சரக்கு இருப்பைச் சொன்னார், தழும்பைச் சொன்னார். திரும்ப விரியாது என்பதையும் சொன்னார். அங்காளம்மாள் சுவரில் சாய்ந்து நின்று முழுக்கக் கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

“இவிய இப்பல்லாம் தண்ணிக்குடத்தைத் தூக்குறதில்லை,” என்றாள். “சோம்பேறித்தனம்னு நான் ஏசுதேன்.”

மாரிச்சாமி வந்தான், அவனிடமும் சொன்னார். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, எப்போது டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் கேட்டான்.

மறுநாளே போனார்கள். சமுத்திரத்தை முதலில் ஊதச் சொன்னார் டாக்டர். தூசை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது, முள் முந்நூற்றறுபதுக்குப் போனது. பிறகு மாரிச்சாமி. நல்ல உயரமான ஆள், அகன்ற தோள். கன்னம் புடைக்க ஊதினான். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. சரியாக ஊதவில்லை என்று நினைத்து மறுபடி ஊதினான். இருநூற்றுப் பத்து. மூன்றாவது தடவை இருநூறு. டாக்டர் பீடியை இன்றோடு நிறுத்தச் சொன்னார், மருந்து எழுதினார், அவனுக்கும் ஒரு கடிதம் எழுதினார். மெதுவாகப் பேசினார். அவர் எதையும் மறைக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். வெயில் இறங்கிவிட்டது. தேரடி முனையில் பால்கோவா கடைகளில் கூட்டம் நின்றிருந்தது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். அது நாற்பத்தைந்து வயதுக்காரரின் வேகம். முப்பத்து நாலு வயதுக்காரனால் அதற்குமேல் முடியவில்லை.

“அண்ணாச்சி, உங்க வயசு வரும்போது எனக்கு எம்புட்டு காட்டும்?” என்று கேட்டான் மாரிச்சாமி.

ப்ளோ ரூமில் யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தவர் சமுத்திரம். “தெரியலையேப்பா,” என்றார். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. “என்னைய ரெண்டு ஏச்சு ஏசிருலே.”

“ஏசி என்னத்துக்கு, அண்ணாச்சி?” என்றான் அவன். “நீங்களும்தானே அதுக்குள்ள நின்னீங்க.”

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார்கள். மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் நாளையிலிருந்து ஒவ்வொன்றாகப் போகப்போவதாகச் சமுத்திரம் சொன்னார். ஆறு வருஷமாக அந்த வைத்தியத்தில் சுகம் கண்டவர்கள் அவர்கள், புதன்கிழமை வேலையை விடச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் போகிறேன் என்றார். மாரிச்சாமி சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டை எடுத்துப் பக்கத்துச் சாக்கடையில் போட்டான். குனிந்து நிமிர்ந்ததற்கே அவனுக்குக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

“நானும் வாரேன், அண்ணாச்சி. நீங்க சொன்னா நம்ப மாட்டானுவ, நீங்க நல்லாத்தானே இருக்கிய. என்னையப் பார்த்தா நம்புவானுவ.”

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. படி உயரமாக இருந்தது. சமுத்திரம் முதலில் ஏறிக் கையை நீட்டினார், மாரிச்சாமி அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.